வண்டிச் சத்தம்

"அப்பா, சட்டைப் பையைக் காட்டுங்க!"

அதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டின் முதல் பட்டதாரியான மகள், அதிலும் உளவியல் படித்தவள், சும்மா இருப்பாளா?

வெல்டிங் பட்டறையிலிருந்து வண்டியில் வந்து இறங்கிய அப்பா வாசலிலேயே நின்றார்.

"சிகரெட் கேக்கிறது நீங்க இல்லப்பா, உங்க மூளை. தினம் ஒரே நேரம், ஒரே சத்தம்னு பழகிட்டா அதுவா அரிக்க ஆரம்பிச்சுடும். அப்போ எழுந்து வெளியே நடந்துடுங்க, கொஞ்ச நேரத்துல அடங்கிடும். தினமும் தொண்டை வத்தக் கத்துறேன், உங்க நெஞ்சு என்னத்துக்கு ஆகும்?"

அப்பா சிகரெட் பெட்டியை எடுத்து நீட்டினார். உள்ளே பெப்பர்மின்ட் மிட்டாய்.

"கைப்பழக்கத்துக்குத்தான் பெட்டி. நீ சொன்ன மாதிரி நடந்து நடந்தே விட்டுட்டேன். மாசக்கணக்கா ஆச்சும்மா."

"அப்புறம் ஏன் சொல்லல?"

அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"நான்தான்டி வேண்டாம்னேன்" என்றாள் அம்மா. "சாயங்காலம் இவர் வண்டிச் சத்தம் கேட்டாலே உன் முகம் மலருது. திட்டி முடிச்சாத்தான் உனக்குச் சாப்பாடு இறங்குது. திடீர்னு நிறுத்தினா தாங்குவியோ மாட்டியோன்னு பயந்துட்டேன்."

இத்தனை நாள் மறைத்ததற்கு இருவரையும் வாங்கு வாங்கென்று வாங்க அவளுக்கு நாக்கு அரித்தது. வாயைத் திறந்தவள், மூடிக்கொண்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.