குட்டியின் அழுகை

திருகோணமலையில் திமிங்கலம் பார்க்கக் கிளம்பும் படகுகள் இப்போது வெறும் கடலைக் காட்டிவிட்டுத் திரும்புவதில்லை. வழிகாட்டி நிரோஜா பொத்தானை அழுத்தினால், பதிவுசெய்து வைத்த திமிங்கலக் குட்டியின் அழுகை நீருக்கடியில் ஒலிக்கும். கொஞ்ச நேரத்தில் படகைவிட நீளமான தாய் ஒன்று மூச்சிரைக்க மேலே வரும்.

தாய் எழுப்பும் ஒலியை நிரோஜாவின் காதுக்கருவி தமிழாக்கும். அதுவும் அவள் வீட்டில் பேசுகிற தமிழாக. அந்தக் கருவியைப் பயணிகளுக்குக் கொடுக்க முதலாளி விடுவதில்லை.

"என்ன சொல்லுது, தங்கச்சி?" என்று கேட்டார் கேமராவோடு நின்ற ஒருவர்.

"உங்களைக் கண்டது சந்தோசமாம், ஐயா."

"வாறன் குஞ்சு, அழாத" என்றுதான் அவள் காதில் கேட்டது. தாய் படகைச் சுற்றிச் சுற்றித் தேடிவிட்டு முழுகியது.

"படம் சரியா வரேல்ல. இன்னொருக்கா கூப்பிடுங்கோவன்."

நிரோஜா அழுத்தினாள். அது திரும்பவும் வந்தது.

மாலையில் அவள் படலையைத் திறந்தபோது வீட்டுக்குள் மகள் அழுதுகொண்டிருந்தாள். வழக்கமாக நிரோஜாவும் படலையிலிருந்தே, தாய்த் திமிங்கலம் சொன்ன அதே சொற்களைச் சொல்லிக்கொண்டுதான் போவாள். இன்று சொல்ல வாய் வரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினாள்.