காலியான சட்டைப்பை

மனவளர்ச்சி குன்றியோர் காப்பகத்தில் எல்லோர் மணிக்கட்டிலிருந்தும் ஷாக் கொடுக்கும் பட்டையைக் கழற்றி நாற்பது நாளாகிறது. ஆனாலும் முப்பது வயதுக் கதிரேசன், கைதட்டத் தோன்றினால் முதலில் பணியாளர் பொற்கொடியின் சட்டைப்பையைப் பார்ப்பான். பட்டையின் ரிமோட் அங்கேதான் இருந்தது. அந்தப் பழக்கத்தை நிறுத்தவென்று, அவன் கைதட்டும்போதெல்லாம் ஆறு வருடம் அதை அழுத்தியவள் அவள்தான்.

அதனால் தினமும் காலையில் பையை வெளியே இழுத்துக் காட்டுவாள். "ஒண்ணுமில்ல, பாரு கதிரு."

அவன் கைகளைத் தொடைக்கடியில் செருகிக்கொள்வான்.

இன்று காலை மழை பிடித்துக்கொண்டது. அவள் கதவைத் திறந்தபோதே கைதட்டும் சத்தம் கேட்டது. ஜன்னலோரம் நின்றிருந்தவன் திரும்பவில்லை.

"அக்கா, மழை!"

பைக்குப் போன அவள் கை பாதியில் நின்றது.

"தட்டு ராசா, ஊருக்கே கேக்கட்டும்."