வலது கால் மட்டும்

திருச்செல்வம் மண்டியிட்டதுமே மாதா கோயிலில் பாதிப் பேருக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வருஷமாகச் சவரிமுத்துவின் முகத்தில் விழிக்காதவன், இன்று அவன் காலைக் கழுவப் போகிறான் என்றால் சும்மாவா?

"பாத்தியா, இதுக்குப் பேருதான் தாழ்ச்சி," என்று முன்வரிசையில் ஓர் அம்மாள் மகளிடம் முணுமுணுத்தாள். அது திருச்செல்வத்தின் காதிலும் விழுந்தது. குனிந்த தலையோடு சிரித்துக்கொண்டான்.

தாழ்ச்சியாவது மண்ணாவது. அவன் வந்தது பழி தீர்க்க.

புக்கிட் பெலிம்பிங் போகிற வழியில் இருக்கும் எஸ்டேட் கோயில் அது. பெரிய வியாழன் பூசையில் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார்கள், வலது கால் மட்டும். இந்த வருஷம் ஃபாதருக்கு முட்டி வலி. தனக்குப் பதிலாக யாராவது கழுவ முடியுமா என்று போன ஞாயிறு அவர் கேட்டபோது, எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள்.

"ஆண்டவரு தன்னைக் காட்டிக்கொடுக்கப்போற யூதாசு காலையும் சேத்துத்தான் கழுவுனாரு," என்றார் ஃபாதர்.

அதைக் கேட்டதும் திருச்செல்வத்துக்குள் ஒரு பொறி தட்டியது. கையைத் தூக்கினான்.

"நான் கழுவுறேன் ஃபாதர். ஆனா பன்னெண்டு பேர்ல சவரியும் இருக்கணும்."

ஃபாதர் நெகிழ்ந்தே போனார், பாவம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் திருச்செல்வம் அந்த எஸ்டேட்டில் செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்கு டிரைவர். ஒரு மழை நாளில் லோரியைப் பின்னால் எடுத்தபோது, குலை வெட்டும் சவரி அலறினான். வலது காலில் டயர் ஏறிவிட்டதாம். திருச்செல்வம் இறங்கி ஓடிப் பார்த்தான். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். அதில் ஒரு கிழிசல் இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

அந்த வாரமே திருச்செல்வத்தின் வேலை போயிற்று. சவரி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்றார்கள். நடிப்பைப் பார்க்க நான் ஏன் போகணும் என்று இவன் போகவில்லை. திரும்பி வந்த சவரிக்கு எஸ்டேட் கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காவல் பார்க்கிற ஜாகா வேலை கிடைத்தது. இவனோ கோலா சிலாங்கூர் சந்தையில் மீன் கழுவுகிறான்.

வயிறு எரியாதா? போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லியே சவரிக்கு 'நடிகரு' என்று பேர் வைத்துவிட்டான். எஸ்டேட் லயத்து வீடுகளின் பிள்ளைகள்கூட அவன் பின்னால் நொண்டிக் காட்டின. சவரி ஒரு நாளும் பதில் பேசியதில்லை. குற்றமுள்ளவன் எந்த வாயால் பேசுவான் என்று இவன் அதையும் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டான்.

இன்றைக்கு நாற்காலிகளை வரிசை போட்டவனும் இவன்தான். சவரியின் நாற்காலியை நல்ல வெளிச்சமாகப் பார்த்து லைட்டுக்குக் கீழே போட்டான். மனைவி புஷ்பாவைப் போனும் கையுமாகப் பின்னால் நிறுத்தினான்.

"மூஞ்சி வேணாம், காலைத்தான் எடுக்கணும். அடியே படாத காலுன்னு நாளைக்கு எஸ்டேட் குரூப்புல போட்டா என் பேரு திரும்ப வந்துரும்லா."

"பெரிய வியாழனும் அதுவுமா, பாவம் இல்லையாங்க?"

"என் பொழப்பைக் கெடுத்தானே, அது பாவம் இல்லையா?"

பதினோரு கால்களைக் கழுவி முடித்தாயிற்று. எல்லாமே வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, பவுடரும் பூசிக்கொண்டு வந்த கால்கள். கழுவ ஒன்றுமே இல்லை. சவரி மட்டும்தான் லேஸ் கட்டிய சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். இடது சப்பாத்து ஒழுங்காக இருந்தது. வலதின் நுனி மட்டும் மேலே பார்த்து வளைந்து கிடந்தது. உட்கார்ந்து சம்பளம் வாங்கியும் நல்ல சப்பாத்து வாங்க மனசு வராத கஞ்சன் என்று திருச்செல்வம் மனசுக்குள் திட்டினான்.

"வலது காலு, சவரி," என்றான், கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி. "எந்தக் காலுன்னு மறந்துறாதே."

"மறக்க முடியுங்களாண்ணே," என்று சவரி காலை நீட்டினான். லேஸின் முடிச்சைப் பிடித்தவன் அவிழ்க்காமலே இருந்தான்.

பயந்துவிட்டான் என்றிருந்தது திருச்செல்வத்துக்கு. "இரு, நானே கழட்டுறேன்."

சப்பாத்து வந்துவிட்டது. உள்ளே காலுறையின் நுனி வெறுமையாக மடங்கிக் கிடந்தது. அதையும் உருவினான்.

ஐந்து விரல்களும் இல்லை. பாதிப் பாதத்தோடு கால் முடிந்திருந்தது. தைத்த தழும்பு குறுக்கே ஓடியது.

"மறைக்குதுங்க, கொஞ்சம் தள்ளுங்க," என்றாள் புஷ்பா.

அவன் தள்ளவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்தக் காலின்மேல் போட்டான். கோயிலில் யார் கண்ணிலும் படாதபடி முதுகை அகட்டி மறைத்துக்கொண்டான்.

"போனை உள்ள வை," என்றான், திரும்பாமலே.

குவளையை எடுத்தான். தண்ணீர் காலில் விழாமல் தன் மடியிலேயே கொட்டியது. ஊரெல்லாம் நடிகரு, நடிகரு என்று பரப்பியவனுக்கு நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

சவரி அவன் காதருகே குனிந்தான்.

"கழுவாட்டியும் பரவால்லண்ணே. நீங்க பாத்தா போதும்."