ஞாயிற்றுக்கிழமை வரை

ஐம்பத்துமூன்றாம் வருஷம், கரமனை அக்ரகாரத்தில் பஞ்சாபகேசன் படுத்த படுக்கையானார். அதுவரை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத தம்பி மகன் நாகேஸ்வரன் மறுநாளே டாக்டரோடு வந்து நின்றான். பிறகு தாயாதிப் பையன்கள் எல்லோரும் முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். ஒருவன் கஞ்சி ஊட்டினான், ஒருவன் கால் பிடித்துவிட்டான்.

பஞ்சாபகேசனுக்குச் சந்தேகம் வந்தது.

"டேய் நாகு, இந்த வீட்டைக் கோயிலுக்கு எழுதி வெச்சாச்சு."

"நல்ல காரியம் பெரியப்பா. வாயைத் திறங்கோ, மருந்து."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சொத்து இல்லாமலும் பாசம் வருமா?

ஞாயிறு மதியம் நாகேஸ்வரன் டாக்டரிடம், "சாயங்காலம் வரைக்கும் தாங்குவாரோன்னோ?" என்று கேட்டான். தாங்குவார் என்றதும் ஓடியே போனான். அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. இருட்டிவிட்டது.

"எங்கேடி போனா எல்லாரும்?" என்று மனைவி விஜயத்தைக் கேட்டார்.

"நம்ம தெரு ஃபுட்பால் கிளப்புக்கு இன்னிக்கு ஃபைனல். பதினோரு பேரும் உங்க தாயாதி. நீங்க கண்ணை மூடியிருந்தா பத்து நாள் தீட்டு. ஒருத்தனும் மைதானத்துல கால் வைக்க முடியாது, கேட்டேளா."

பஞ்சாபகேசன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். சுவரைப் பார்த்தபடியே கேட்டார்:

"ஜெயிச்சாளா?"

"எங்கே. நாகு அடிச்சதையெல்லாம் எதிர் டீம் கோல்கீப்பர் பிடிச்சுட்டானாம். ஒரு கோலும் விழலை. அடுத்த ஞாயிறு மறுபடியும் ஆடணுமாம்."

பஞ்சாபகேசன் மெல்ல எழுந்து உட்கார்ந்து கை கூப்பினார்.

"அந்தக் கோல்கீப்பர் நன்னா இருக்கணும்."