உடனடி நடவடிக்கை

குடிநீர்க் கொள்கை வகுக்க, பல்கலைக்கழக ஆய்வுக்கு அமைச்சர் நிதி ஒதுக்கினார். அமைச்சரின் தெருவிலேயே குடியிருந்த பேராசிரியர் ஆராய்ந்து முடித்தார்.

“நம்ம ஏரியா குழாய்த் தண்ணியில ஈயம் இருக்குங்கய்யா. குழந்தைங்க ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது.”

“அய்யய்யோ! உடனே நடவடிக்கை எடுக்கிறேன்.”

மறுநாள் அமைச்சர் வீட்டு வாசலில் லாரி நின்றது. பேரனின் தொட்டில்தான் முதலில் ஏறியது. ஆய்வறிக்கையை அமைச்சர் அப்படியே அமுக்கிவிட்டார்.

“தன் குடும்பம் மட்டும் தப்பிச்சாப் போதுமா? த்தூ, இவனெல்லாம் ஒரு மனுஷன்!” ஜன்னலில் நின்று பொருமினார் பேராசிரியர்.

“சத்தமாத்தான் சொல்லுங்களேன், தெருவுக்கே கேக்கட்டும்” என்றாள் மனைவி.

பேராசிரியர் ஜன்னலைச் சாத்தினார்.

அடுத்த வாரம் அவர் வீட்டிலும் ‘வாடகைக்கு’ பலகை தொங்கியது. கைக்குழந்தையோடு வீடு பார்க்க வந்தவள் கேட்டாள்: “தண்ணி நல்லா இருக்குமா சார்?”

“அமைச்சரே இத்தனை வருஷமா குடிச்ச தண்ணிம்மா!”