மூன்றாவது ராஜினாமா

கலை மன்றத்தின் ஒத்திகை அறையில், அட்டைக் கிரீடங்களின் மேல் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. ஆறு வருடமாகச் சம்பளமில்லாத தலைவராக இருக்கும் பல் டாக்டரம்மா, மூன்றாவது முறையாக ராஜினாமாக் கடிதத்தை மேசையில் வைக்கிறார். "இனிமே சனிக்கிழமை எனக்கே எனக்குதான். அடுத்த தலைவரா யார் வர்றீங்க?" நிர்வாகக் குழு வாயே திறக்கவில்லை, அவரிடம் பல் பிடுங்க வருபவர்கள்கூட இவ்வளவு இறுக்கமாக மூடியதில்லை. தையல்காரர் மின்விசிறியை அண்ணாந்து பார்க்கிறார். செயலாளர் செருப்பு வாரைக் கழற்றி மறுபடி மாட்டுகிறார். கடைசியில் ஒரு கை மெல்ல எழுகிறது. டாக்டரம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வருகிறது. கை, அவர் இங்கே வந்துவிடும் சனிக்கிழமைகளில் வீட்டில் நிம்மதியாகத் தூங்கி, இன்று அவரைக் கூட்டிப் போக வந்திருக்கும் கணவருடையது. "நான் ஒருத்தர் பேரைச் சொல்லலாமா?" "தாராளமா சொல்லுங்க!" "உன் பேருதான்." கைதட்டலில் கூரை அதிர்கிறது. டாக்டரம்மா முறைக்கத்தான் திரும்புகிறார், ஆனால் வாய் அதுபாட்டுக்கு, "சரி சரி, அடுத்த விஷயம் என்ன?" என்கிறது.