பச்சை ரிப்பன்

தென்காசி மண்டபத்தின் தகரக் கூரையில் சாரல் விடாமல் விழுகிறது. உள்ளே, போன மாதம் வெட்டிக்கொண்ட இரண்டு தெரு இளவட்டங்களுக்கு அமைதிப் பயிற்சி. கலந்து உட்காரட்டும் என்று, சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் உமாராணி ஆளுக்கொரு வண்ண ரிப்பன் கட்டுகிறாள். இங்கே வண்ணம்தான் சாதி என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. உச்சிமாகாளியின் மணிக்கட்டில், அவன் தெருவின் சிவப்புக் கயிற்றுக்குமேல், பச்சை ஏறுகிறது. “மேடம், இது அவனுவ கலரு. அவுத்துருங்க.” முடிச்சு இறுகிவிட்டது. அவள் நகத்தால் நெம்ப, அவன் எதிர்வரிசையையே முறைக்கிறான். ஒருவழியாக அவிழ்ந்ததும், எதிர்வரிசையிலிருந்து, பச்சைக் கயிறு கட்டிய இசக்கிமணி எழுகிறான். “அவன் கையில கெடந்தத இங்கன கொண்டு வந்துராதிய.” நடுவில் நிற்கும் உமாராணிக்கு, அந்த ரிப்பனை வைக்க இடமில்லை.